ஏற்றுமதி தொடங்குவது மரக்கடையில்

அறைகலன் ஏற்றுமதி செய்ய விரும்பும் பட்டறைக்காரர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். பையரை எங்கே பிடிப்பது? லைசென்ஸ் எப்படி எடுப்பது? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தத் தொழிலில் பலரையும் வீழ்த்துவது வேறொரு கேள்வி: முதல் கண்டெய்னர் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டாவது ஆர்டர் ஏன் வரவில்லை? அதற்கான காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் மரம் வாங்கிய நாளில் போய் நிற்கும். எவ்வளவு ஈரத்தோடு வாங்கினோம், எங்கே விளைந்த மரம் என்று கேட்டோமா, அதற்குத் தாள் வாங்கி வைத்தோமா? சுங்கச் சோதனையிலும் வாடிக்கையாளர் வீட்டிலும் வெடிக்கும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் அன்றே விதைக்கப்பட்டவை.

பதிவு வேலைகளை முதலில் முடித்துவிடுவோம். வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் அந்த எண் முடங்கிவிடும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது இது தெரியவந்தவர்கள் உண்டு. உங்கள் வங்கியிடம் அதன் அடையாளக் குறியீடான ஏ.டி. கோடு வாங்கித் துறைமுகச் சுங்கத்தில் பதிய வேண்டும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப, நிதியாண்டு தோறும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். மர அறைகலன் செய்பவர்கள் கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமத்தில் உறுப்பினராவது பயன் தரும். இவை எல்லாவற்றையும் ஒரு நல்ல ஆடிட்டரும் ஒரு சுங்க முகவரும் பார்த்துக்கொள்வார்கள். அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாதவற்றுக்கே இந்த அத்தியாயத்தில் இடம் தருகிறேன்.

ஈரம்

தமிழ்நாட்டுக் கடலோரக் காற்றில் நிழலில் அடுக்கி வைத்த பலகை எத்தனை ஆண்டு கிடந்தாலும் ஏறத்தாழ 12 முதல் 15 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தோடு மரம் ஒரு சமநிலைக்கு வந்துவிடுவதே காரணம். மரக்கடைக்காரர் “பத்து வருஷம் காய்ந்த கட்டை” என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது நம் ஊர்க் காற்றுக்குக் காய்ந்த கட்டை. சிகாகோவிலோ ஸ்டாக்ஹோமிலோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அந்த அறையில் உங்கள் மேசை ஆறு, ஏழு சதவீதம் வரை காய்ந்துகொண்டே போகும்.

இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். தேக்கு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் சுருங்கும். ஒரு மீட்டர் அகலமுள்ள மேசைப் பலகை 13 சதவீத ஈரத்திலிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கினால் 12 மில்லிமீட்டர் வரை சுருங்க வேண்டும். சுருங்க இடம் விடாமல் அடிச்சட்டத்தோடு இறுக்கித் திருகியிருந்தால் பலகைக்கு வேறு வழி கிடையாது, வெடிக்கும். தேக்கு இந்த விஷயத்தில் அடக்கமான மரம். மாவும் வாகையும் அத்தனை அமைதியாக இருக்காது.

ஆகவே குளிர் நாட்டுக்குப் போகும் சரக்கு என்றால் மரத்தைச் சீசனிங் சேம்பரில் ஏற்றி 8 முதல் 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகே இழைப்புளி தொட வேண்டும். சொந்தச் சேம்பர் வைக்க முடியாதவர்கள் கூலிக்குச் சீசனிங் செய்து தரும் இடங்களை நாடலாம். அதில் ஒரு பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது. சேம்பரிலிருந்து வந்த பலகையைப் பட்டறைக் கூரையின் கீழ் திறந்தபடி அடுக்கி, ஐப்பசி மழையில் ஒரு மாதம் விட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். கொடுத்த கூலியும் செலவான நாட்களும் அந்த மழையிலேயே போய்விடும். வந்த பலகைகளைப் பாலித்தீன் தாளில் சுற்றி, கதவடைத்த அறையில் வைத்து, வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள்.

மாய்ஸ்சர் மீட்டர் இல்லாத பட்டறை ஏற்றுமதிப் பட்டறை ஆகாது. ஆயிரங்களில் முடிகிற கருவி அது, லட்சங்களைக் காப்பாற்றும். பலகையின் மேற்பரப்பில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை, மேற்பரப்பு எப்போதுமே முதலில் காய்ந்துவிடும். முனையிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் குத்துங்கள். எந்த மரம் என்பதற்கேற்ற அமைப்பைக் கருவியில் மாற்றிக்கொள்ளுங்கள். அளவு தெரியும் திரையையும் பலகையில் எழுதிய லாட் எண்ணையும் ஒரே படத்தில் வரும்படி போனில் எடுத்து வையுங்கள். பின்னால் பையர் வெடித்த மேசையின் படத்தை அனுப்பும்போது உங்களுக்காகப் பேச அந்தப் படம் ஒன்றுதான் இருக்கும்.

ஆசாரிமார்களிடமும் பேச வேண்டியிருக்கும். தலைமுறையாக இறுக்கிப் பொருத்திப் பழகிய கைகள் அவை; அந்த இறுக்கத்தில் அவர்களுக்குப் பெருமை உண்டு, அது நியாயமான பெருமை. மேசைப் பலகையைச் சட்டத்தோடு சேர்க்கும் திருகுத் துளையை நீள்வட்டமாக விடுவதும், கதவுப் பலகையைப் பசையில்லாமல் சட்டத்தின் காடிக்குள் அசைய விடுவதும் குறை வேலை ஆகாது, மரம் மூச்சுவிட இடம் தரும் வேலை என்பதை ஒரு மாதிரிப் பொருளை வைத்தே காட்டிவிடுங்கள். வார்னிஷை மேல்முகத்துக்கு மட்டும் அடித்து அடிப்பக்கத்தை விடும் வழக்கமும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்தால் பலகை வளையும்.

மரத்தின் வெள்ளைப் பகுதியில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மாவிலும் ரப்பர் மரத்திலும் உளுவண்டின் முட்டை உள்ளே இருந்தால், பொருள் வீடு போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து அடியில் மாவு போலத் தூள் கொட்டும். போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைப்பது இதற்குப் பழகிய வழி. ரப்பர் மரத்தை வெட்டிய சில நாட்களுக்குள் இதைச் செய்யாவிட்டால் நீலப் பூஞ்சையும் பிடித்துவிடும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உயிருள்ள ஒரு வண்டு சிக்கினாலே சரக்கை மீண்டும் புகையூட்டவோ திருப்பி அனுப்பவோ உத்தரவு வரும். செலவு உங்கள் தலையில் விழும்.

மரம் விளைந்த இடம்

சட்டவிரோத உயிரின வணிகத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டம் 2008இல் மரப் பொருட்களுக்கும் விரிந்தது. உங்கள் நாற்காலியை இறக்குமதி செய்பவர் அந்த மரத்தின் அறிவியல் பெயரையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் எழுதித் தர வேண்டும். ‘தேக்கு’ என்று எழுதினால் போதாது. ‘டெக்டோனா கிராண்டிஸ்’ என்றும், கானாவா ஈக்வடாரா இந்தியாவா என்றும் சொல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தூத்துக்குடி வழியாக இறங்கும் தேக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும், லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வரும். மரக்கடையில் எல்லாம் ஒரே அடுக்கில் கிடக்கும். ஒரே மேசையின் கால் ஒரு நாட்டிலிருந்தும் பலகை வேறு நாட்டிலிருந்தும் வந்திருக்கும், அது யாருக்கும் தெரியாது.

மியான்மர் தேக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கு என்றால் நமக்கு ஒரு மரியாதை. ஆனால் 2021இல் ராணுவ ஆட்சி வந்தபின், அங்கே மர விற்பனையைக் கையில் வைத்திருக்கும் அரசு நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. அந்த மரத்தில் செய்த பொருளைத் தடை விதித்த நாடுகளில் விற்க முனைந்தால் உங்கள் பையரும் சேர்ந்து மாட்டுவார். “அசல் பர்மா தேக்கு” என்று விலைப்பட்டியலில் பெருமையாக எழுதுவதை உடனே நிறுத்துங்கள். அது உண்மையாக இருந்தால் ஆபத்து, உண்மை இல்லாவிட்டால் மோசடி.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2023இல் இயற்றிய காடழிப்பு ஒழுங்குமுறைப்படி, மரம் விளைந்த நிலத்தின் புவியிடக் குறியீடு வேண்டும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலமாக அது இருக்கக் கூடாது. மர நாற்காலி, கட்டில், மேசை, அலமாரி எல்லாம் இதன் பட்டியலில் இருக்கின்றன. நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிப்போனதால், “எப்படியும் மறுபடி தள்ளிவைப்பார்கள்” என்ற பேச்சைத் தொழிலில் கேட்க முடிகிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பெரிய பையர்கள் இப்போதே இந்த விவரத்தைக் கேட்கிறார்கள்; சட்டம் தள்ளிப்போனாலும் அவர்களுடைய படிவம் தள்ளிப்போவதில்லை. 2025 மே மாதம் வெளியான தரவரிசையில் இந்தியா குறைந்த இடர் நாடாக வைக்கப்பட்டது நமக்கு நல்ல செய்தி. ஆனால் அதனால் குறைவது சரிபார்ப்புச் சுமைதான், நிலத்தின் குறியீட்டைக் கொடுத்தாக வேண்டும்.

இது நம் நாட்டு மரத்துக்குக் கடினமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஜோத்பூரிலும் சகரன்பூரிலும் ஏற்றுமதிக்குப் பயன்படும் மா மரம் பெரும்பாலும் காட்டு மரமே கிடையாது. காய்ப்பு ஓய்ந்த தோப்புகளிலிருந்தும் வயல் வரப்புகளிலிருந்தும் ஒன்றிரண்டாக வெட்டப்பட்டு, தரகர் வழியாக அறுவை ஆலைக்கு வந்து, அங்கே ஒரு குவியலாகிவிடுகிறது. மரம் நல்லது, விளைந்த இடமும் குற்றமற்றது. ஆனால் குவியலில் சேர்ந்த பிறகு அதை நிரூபிக்க முடியாது. நிரூபணம் குவியலுக்கு முன்னால் எடுக்கப்பட வேண்டும். நான்கு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆறு தசம இலக்கத்தோடு போதும். மரத்தடியில் நின்று போனில் எடுக்கக்கூடியது அது. அதோடு பட்டாவின் சர்வே எண், வெட்டுவதற்கோ கொண்டுவருவதற்கோ அனுமதி தேவைப்படும் மரமானால் வனத்துறையின் சீட்டு, வாங்கிய பில். இவற்றை ஒரு லாட் எண்ணின் கீழ் போட்டு, அதே எண்ணைப் பலகைகளின் முனையில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். விலை கொஞ்சம் கூட ஆனாலும் இப்படி எழுதித் தரும் ஆலையிடமே வாங்குவது என் பரிந்துரை.

ஈட்டி, ஷீஷம் ஆகியவற்றுக்கு வேறு கட்டுப்பாடு. அவை சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 ஜனவரி முதல் அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் இந்தியா வாதாடிப் பெற்ற விளக்கத்தால், ஷீஷத்தில் செய்த 10 கிலோவுக்குக் குறைந்த பொருட்களை ஒரே சரக்கில் எத்தனை வேண்டுமானாலும் சைட்டீஸ் அனுமதி இல்லாமல் அனுப்பலாம். கிண்ணம், புகைப்படச் சட்டம் செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கட்டிலும் சாப்பாட்டு மேசையும் அந்த எடைக்குள் அடங்காது. கைவினைக் குழுமம் நடத்தும் ‘விருக்‌ஷ்’ சரிபார்ப்பு முறை இந்தத் தேவைக்கும் உதவுகிறது. ஷீஷத்தில் கை வைப்பதற்கு முன்பே அதில் சேர்ந்துவிடுங்கள், ஆர்டர் வந்த பிறகு வேண்டாம்.

காரைக்குடிப் பக்கம் பழைய தூண், கதவு, பெட்டகம் வாங்கி விற்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது. அதைவிட இளைய பொருளுக்கும், பழைய தோற்றம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்திருப்பது நல்லது. பழைய கதவை அறுத்துப் புதிய மேசை செய்து அனுப்பலாமே என்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அந்தக் கதவின் வயதைத் தெரிந்துகொண்ட பிறகு ரம்பத்தை எடுங்கள் என்பதுதான். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

கண்ணுக்குத் தெரியாத பாகங்கள்

நல்ல மரத்தில் மேசை செய்து, இழுப்பறையின் அடிப்பலகைக்குப் பக்கத்துக் கடை பிளைவுட்டைப் போடுவது நம் வழக்கம். அமெரிக்கா அந்த அடிப்பலகையைத்தான் பார்க்கும். பிளைவுட் வெளியிடும் ஃபார்மால்டிஹைடு 0.05 பி.பி.எம். அளவையும், எம்.டி.எஃப். 0.11 அளவையும் தாண்டக் கூடாது. சான்று பெற்ற ஆலையின் பலகையாகவும் இருக்க வேண்டும். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடங்க வேண்டும். பழைய தோற்றம் வேண்டும் என்று ஆசாரி ஏதோ ஒரு மிச்ச டப்பாவிலிருந்து பூசும் ஒரு கோட்டில் முழு கண்டெய்னரும் நின்றுபோகும். பெயிண்ட், பசை, பலகை ஆகிய மூன்றையும் ஏற்றுமதிக்கென்று தனி அலமாரியில் பூட்டி வைப்பது அதிகப்படியான எச்சரிக்கை ஆகாது.

இழுப்பறைப் பெட்டி அனுப்புபவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். குழந்தைகள் இழுப்பறைகளைத் திறந்து அவற்றின் மேல் ஏற, பெட்டி சாய்ந்து விழுந்து அவர்கள் இறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பல. அதனால் 2023 செப்டம்பர் முதல், 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள துணிப் பெட்டிகள் சாய்வுச் சோதனையில் தேற வேண்டும் என்பது கட்டாயம். அழகாக இருக்கும் ஒல்லியான, உயரமான வடிவங்கள் இதில் எளிதில் தோற்கும். வடிவம் வரையும்போதே பின்பக்கத்து எடையையும் இழுப்பறை எவ்வளவு வெளியே வரும் என்பதையும் யோசியுங்கள். ஒரு குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட விதி இது. இதைத் தடையாக நினைக்காதீர்கள்.

கண்டெய்னரின் இடம்

அறைகலனில் கண்டெய்னர் எடையால் நிரம்புவதில்லை, இடத்தால் நிரம்புகிறது. 40 அடி நீள ‘ஹை கியூப்’ கண்டெய்னரில் சுமார் 76 கன மீட்டர் இடம் இருந்தாலும், பெட்டிகளை அடுக்கும்போது 65 வரைதான் நடைமுறையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 3,000 டாலர் என்றும் கொள்வோம். முழுதாகப் பொருத்திய நாற்காலி பெட்டியோடு 0.35 கன மீட்டர் பிடித்தால் 185 நாற்காலி போகும். ஒன்றுக்குக் கப்பல் செலவு 16 டாலர். அதே நாற்காலியைக் கழற்றிப் பூட்டும் வடிவில் செய்து 0.12 கன மீட்டரில் அடக்கினால் 540 போகும். செலவு ஐந்தரை டாலர். வியட்நாம்காரர் விலையோடு நாம் போட்டியிட முடியாததற்குக் கூலியையே காரணமாகச் சொல்கிறோம். முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது கட்டணம் எகிறியது. அப்போது அதிக அடி வாங்கியவர்கள் காலி இடத்தை அதிகம் ஏற்றியவர்கள்தான்.

கழற்றிப் பூட்டும் பொருளுக்குத் துளைகள் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாற்காலியின் காலும் மற்றதில் பொருந்த வேண்டும். அதற்கு மரத்திலோ இரும்பிலோ அச்சுச் சட்டம் செய்து, அளந்து துளையிடுவதை நிறுத்திவிட்டு அச்சில் வைத்துத் துளையிடப் பழக வேண்டும். எந்திரம் வாங்குவதைவிட இந்தப் பழக்கத்தைக் கொண்டுவரத்தான் நாளாகும்.

பெட்டி கட்டும் மரச்சட்டமும் சோதனைக்கு உட்பட்டது. ஐ.எஸ்.பி.எம். 15 எனும் பன்னாட்டு விதிப்படி அதன் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாகி, தானியக் கதிர்ச் சின்னமுள்ள முத்திரை பெற்றிருக்க வேண்டும். இதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் கண்டெய்னரில் சரக்கு ஆடாமல் இருக்க லோடிங் ஆட்கள் கடைசி நிமிடத்தில் அடித்து வைக்கும் முட்டுக்கட்டைக்கும் இதே விதிதான். முத்திரை இல்லாத ஒரு முட்டுக்கட்டை போதும் சரக்கை நிறுத்த. பதப்படுத்திய கட்டைகளை முன்கூட்டியே எண்ணி எடுத்து வைத்து, வேறு மரத்துண்டு எதையும் லோடிங் இடத்தில் விட்டு வைக்காதீர்கள். இரவுக் குளிரில் கண்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும் என்பதால், ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவரில் தொங்கவிடுவதும் அவசியம்.

பணமும் வரியும்

புதிய பையரிடம் 30 சதவீதம் முன்பணம், மீதி ஆவண நகல் பார்த்த பிறகு என்பது பலரும் பின்பற்றும் முறை. எல்.சி. எனும் வங்கியின் கடனுறுதிக் கடிதம் வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வங்கி பார்ப்பது சரக்கை அல்ல, தாளை. எல்.சி.யில் ‘இந்தியத் தேக்குச் சாப்பாட்டு மேசை’ என்றிருந்து உங்கள் இன்வாய்ஸில் ‘தேக்கு மேசை’ என்று இருந்தால் அது முரண்பாடு. பையர் நினைத்தால் அதைக் காட்டி விலை குறைக்கலாம். கப்பலேறி 21 நாட்களுக்குள் ஆவணங்கள் வங்கியில் சேர வேண்டும், எல்.சி. அதைவிடக் குறைவாகக் கேட்டால் அதற்குள். எல்.சி. இல்லாமல் கடனுக்கு அனுப்பும் நிலை வந்தால் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீட்டை எடுத்துவிடுங்கள்.

வரி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. மர அறைகலன்களுக்கு அங்கே அடிப்படைச் சுங்க வரி இல்லாத நிலை நெடுங்காலம் இருந்தது. 2025இல் இந்தியப் பொருட்கள் மீது ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதக் கூடுதல் வரி வந்தது, ஆகஸ்ட் 27 முதல் அது 50 ஆனது. கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்குக் குறுகிய காலச் சலுகை கிடைத்தது. பட்டறையில் பாதி முடிந்து நின்ற சரக்குக்கு எதுவும் கிடைக்கவில்லை. அக்டோபரில் மெத்தை தைத்த மர இருக்கைகளுக்குத் தனி வரி வந்தது. ஒரே பட்டறையில் செய்த இரண்டு நாற்காலிகள், ஒன்று வெறும் மரம், ஒன்று பஞ்சு வைத்தது, வேறு வேறு விதியின் கீழ் போயின. நீங்கள் இதைப் படிக்கும்போது விகிதங்கள் மாறியிருக்கும். அதனால் ஒரே நாட்டை நம்பித் தொழிலை விரிக்காதீர்கள். 2022 மே முதல் நடப்பில் உள்ள ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தமும், அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஆஸ்திரேலிய ஒப்பந்தமும், தோற்றச் சான்றிதழ் இணைத்தால் வரிச் சலுகை தருகின்றன. துபாய் நம் தட்பவெப்பத்துக்கு நெருங்கியதாகத் தோன்றினாலும் ஏ.சி. அறைகளில் மரம் காயும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முதல் சரக்கை அங்கே அனுப்பிப் பார்ப்பது புதியவர்களுக்கு நல்ல தொடக்கம்.

புரொஃபார்மா இன்வாய்ஸில் விலையோடு மூன்று விவரங்களையும் எழுதுங்கள்: விலை எந்தத் தேதி வரை செல்லும், இறக்குமதி நாட்டில் வரி கூடினால் யார் ஏற்பது, உற்பத்தி தொடங்கிய பிறகு ஆர்டர் ரத்தானால் முன்பணம் என்ன ஆகும். பையர் இவற்றைப் பற்றிப் பேச மறுத்தால், அவருடைய ஆர்டரில் கால்பங்கை மட்டும் ஏற்று, அந்தச் சரக்கின் பணம் முழுதாக வந்த பிறகு மீதிக்கு மரம் வாங்குங்கள்.